முப்பத்து நான்காவது கையெழுத்து

"எல்லாரும் சேந்தா நானும் சேர்றேன்" என்று ஒருவர் சொன்னால், அது சம்மதமா, மறுப்பா?

ஏழு வருடங்களுக்கு முன், திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் என்னிடம் இதைக் கேட்டார். நான் கணிதம் படித்தவள். பதில் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போது ஒன்பது மாதக் குழந்தையாக இருந்த என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. கூட்டல் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்து "சரியாம்மா?" என்று அவள் கேட்கும்போது, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.

அவரைத் தெருவில் எல்லாரும் பிளாஸ்டிக் அக்கா என்பார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கு நேர் கீழே அவருடைய கடை. வாளி, குடம், முறம், மக்கு, மூடி போட்ட டப்பா, குழந்தைகள் உட்காரும் சின்ன முக்காலி. ரயில் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் குறுக்கே நுழையும் தெரு அது. ஒரு முனையில் எலக்ட்ரிக் கடை, மறுமுனையில் பெரிய துணிக்கடை, எல்லாம் சேர்த்து முப்பத்து நான்கு கடைகள். அக்காவின் கணவர் சவுதியில் இருந்தார். காலை எட்டரை மணிக்கு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஷட்டரைத் தூக்குவார். அந்தச் சத்தத்தில்தான் என் மகள் விழிப்பாள். நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டாரே என்று எரிச்சலாக இருக்கும். பிறகு கீழே இறங்கி அவர் முகத்தைப் பார்த்தால் அந்த எரிச்சல் நிற்காது.

பேசும்போது பக்கத்தில் இருக்கிற வாளியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டேதான் பேசுவார். விரிசல் இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். பேசுகிற ஆளையும் அப்படித்தான் தட்டிப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

மூடி இல்லாத டப்பாவை அவர் விற்கமாட்டார். ஒரு நாள் பண்ருட்டி பஸ்ஸுக்குப் போகிற அம்மாள் ஒருவர் அவசரமாக வந்து, மூடி காணாமல்போன டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு மூடி வேணாங்க. அரிசி அளக்கத்தான்."

"ஒனக்கு வேணாம். டப்பாவுக்கு வேணுமே. உக்காரு."

அந்த அம்மாளை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுக்கியிருந்த அத்தனையையும் இறக்கினார். அரை மணி நேரம் கழித்து, வேறொரு டப்பாவின் தலையில் மாறி உட்கார்ந்திருந்த மூடி கிடைத்தது. அந்த அம்மாளுக்குப் பஸ் போய்விட்டது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஒன்று குறைந்தாலும் அவருக்கு ஆகாது. அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். நோன்பு மாதத்தில் ஒரு நாள் முப்பத்து மூன்று கடைகளுக்கும் தூக்குகளில் கஞ்சி போகும். எலக்ட்ரிக் கடைக்காரருக்கும் அவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. கடை வாசலில் சரக்கு வண்டி நிறுத்திய தகராறு. அவருடைய தூக்கு அப்படியே திரும்பி வந்தது. அக்கா தானே எடுத்துக்கொண்டு போனார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புடிக்கலன்னா கீழ ஊத்திடுங்க. ஆனா வாங்காம இருக்காதீங்க. ஒண்ணு கொறையுது எனக்கு."

அவர் நின்றபடியே குடித்துவிட்டுச் சொன்னார். "கஞ்சி நல்லாத்தான் இருக்கு. வண்டியத்தான் நகத்த மாட்டேங்கறீங்க."

இத்தனை குடம் விற்கிறவர் பகலில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. நோன்பு என்று முதலில் நினைத்தேன். பெருநாள் முடிந்தும் அப்படியே இருந்தார். உதடு வெடித்திருக்கும். ஒரு வெயில் நாளில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"முழுசும் குடிங்கக்கா."

"குடிச்சா எங்கம்மா போறது?"

அந்தத் தெருவில் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. ஆண்கள் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் உள்ள சுவரோரம் போய் வந்துவிடுவார்கள். துணிக்கடையிலும் மெடிக்கலிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் வேலை செய்கிற பெண்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க வேண்டும். போய்வரக் கால் மணி நேரம். முதலாளி முகம் சுளிப்பார். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

"எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போங்கக்கா" என்றேன்.

அவரை மட்டும்தான் அழைத்தேன். அவருக்கோ ஒருவரை விட்டுவிட்டுப் போகத் தெரியாது. மறுநாளே துணிக்கடைப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதம் முடிவதற்குள் தெருவில் இருந்த அத்தனை பெண்களும் என் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, கொலுசுச் சத்தம் வராமல் மெதுவாக அடி வைத்து ஏறுவார்கள். அக்கா ஒரு சிவப்பு மக்கு கொண்டுவந்து என் குளியலறையில் வைத்தார். "இது எங்க மக்கு. ஒங்க சாமான் எங்களால தேயக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனசு முழுக்க வேண்டாம் என்றுதான் இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். என் கணவருக்குச் சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கதவு தட்டப்படுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாருக்காவது காய்ச்சல் இருந்து குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால்? படியில் யாராவது வழுக்கி விழுந்தால்? அவர்கள் போனதும் டெட்டால் ஊற்றிக் கழுவுவேன். கழுவும்போதே வெட்கமாக இருக்கும். கழுவாமலும் இருக்க முடியாது.

வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து கீழே நின்றபடியே பேசினார். "நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லம்மா. ஆனா அந்தக் கக்கூஸுத் தொட்டி நாலு பேருக்குக் கட்டுனது."

கடைக்குள் இருந்த அக்காவுக்கும் அது கேட்டிருக்கிறது. அன்று மாலை படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே ஒன்னத் தொந்தரவு பண்ணக் கூடாதும்மா. தெருவுக்கே ஒண்ணு கட்டணும்."

"யாருக்கா கட்டுவாங்க?"

"தேரு இழுக்கற பத்து நாளு நம்ம தெரு எப்புடி இருக்கு? எல்லாக் கடையும் பங்கு போடுறாங்க. லைட்டு எரியுது, சாக்கடைக்கு மூடி வந்துருது, பெருக்க ஆளு வருது, வண்டியெல்லாம் ஒரு பக்கமா நிக்குது. நானே நீர்மோர் பந்தலுக்கு வாளி குடுக்கறேன். பத்து நாளு முடியறது மிச்ச நாளு ஏன் முடியாது? இப்புடியே வுட்டா ஜனங்க துணி எடுக்க, சாமான் எடுக்கப் பாண்டிக்குத்தான் போவாங்க."

நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அக்கா நகராட்சிக்குப் போய் அதிகாரி ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் பொறுமையாகக் கேட்டாராம். தெரு மூலையில் பாழடைந்த மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. கடைக்காரர்கள் ஒரு மேம்பாட்டுச் சங்கமாகச் சேர்ந்து, விளக்கு, துப்புரவு, கழிப்பறைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு பங்கு தருவதாகக் கையெழுத்துப் போட்டால், கட்டிடத்துக்கு வழி செய்யலாம் என்றிருக்கிறார். மூன்றில் இரண்டு பங்கு கடைகள் ஒப்புக்கொண்டால் போதுமாம்.

"அப்ப சுலபம்க்கா. இருபத்து மூணு கடை போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். "மூடி இல்லாம டப்பாவா? முப்பத்து நாலும் வேணும். வுட்டுப்போன கடைப் பொண்ண அந்தக் கதவாண்ட நிறுத்தி, ஒங்க முதலாளி பங்கு போடல, நீ போவாதன்னு சொல்ல முடியுமா?"

மூன்று மாதம் அலைந்தார். வியாபாரம் மந்தமாக இருக்கும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பதால் வேகமாக எழுத வராது. கடை கடையாகக் கேட்டுவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சொல்வார்; குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் நோட்டில் எழுதுவேன். யார் எப்படிச் சொன்னார்களோ அதே குரலில் சொல்லிக்காட்டுவார்.

மெடிக்கல்காரர்: "மெஜாரிட்டி எப்படியோ அப்படிக்கா."

ஸ்வீட் கடைக்காரர்: "நல்ல காரியம். எல்லாரும் சேரட்டும். நான் மட்டும் வேணாம்னா சொல்லப்போறேன்?"

எலக்ட்ரிக் கடைக்காரர்: "துணிக்கடை மச்சான் போட்டா நானும் போடுறேன். பெரிய கடை அவுருது."

துணிக்கடைக்காரர்: "நான் மொதல்ல போட்டா, எங்கடைப் பொண்ணுங்களுக்காகத் தெருவே செலவு பண்ணுதும்பானுங்க. மத்தவங்க போடட்டும்."

ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஒருவர்கூடச் சரி என்றும் சொல்லவில்லை. நான் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதுன?"

"சம்மதம்னு."

"அவுரு சம்மதம்னா சொன்னாரு? எல்லாரும் சேந்தா சேர்றேன்னாரு. அது சம்மதமா, இல்லன்னு அர்த்தமா? அவுரு சொன்னத அப்புடியே எழுதும்மா."

"அப்படியே எழுதினா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்கக்கா. பாருங்க, எல்லாரும் சேர்ந்தா நானும் சேர்றேன்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. எல்லாரும் சேர்ந்துட்டதா வைங்க. யார் சொன்னதாவது பொய்யாகுதா? ஆகல. அப்ப எல்லாரும் சம்மதிச்ச மாதிரிதான்."

அவர் வாளியைத் தட்டுகிற மாதிரி படிக்கட்டை இரண்டு முறை தட்டினார். "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதற்கு இன்னொரு விடையும் உண்டு. ஒருவர்கூடச் சேராவிட்டாலும் யார் சொன்னதும் பொய்யாகாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவிட்டேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். எனக்கு அந்த வேலை சீக்கிரம் முடிய வேண்டும். கழிப்பறை வர வேண்டும். என் படிக்கட்டு எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். என் குழந்தை தூங்க வேண்டும். அதையெல்லாம் சேர்த்துத்தான் 'சம்மதம்' என்று எழுதினேன்.

நோட்டில் இருந்த பெயர்களையும் எதிரே இருந்த 'சம்மத'த்தையும் அப்படியே வைத்துக் கையெழுத்துத் தாளை டைப் செய்துகொண்டு வந்தேன். முதல் வரியில் அக்காவின் பெயர். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நாம கூப்புடறோம். கூப்புட்ட வூட்டுக்காரங்க மொதப் பந்தில உக்காந்தா நல்லாவா இருக்கும்? கடைசில போடும்மா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டு விசேஷங்களிலும் என் அம்மா எல்லாரும் கை கழுவிய பிறகுதான் இலை போட்டுக்கொள்வார். மறுபடி டைப் செய்தேன். அக்கா முப்பத்து நான்காவது ஆனார்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணிக்கடை மாடியில் நடந்தது. அதிகாரி வந்திருந்தார். ஆச்சரியமாக, முப்பத்து மூன்று கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். அக்கா வடையும் டீயும் எல்லாருக்கும் கையில் கொடுத்தார், தான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். அதிகாரி திட்டத்தை விளக்கிவிட்டு, அட்டையில் செருகிய தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"யாரு ஆரம்பிக்கறீங்க?"

அட்டை எலக்ட்ரிக் கடைக்காரர் கைக்குப் போனது. அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார்.

"வயசுல பெரியவரு நீங்க. போடுங்க மாமா."

"ஒம்பேருதான்டா மொதல்ல இருக்கு."

"இருந்தா இன்னா? போணி பண்ற கை ராசியா இருக்கணும். எங்கையி ராசி இல்ல."

சிரித்தார்கள். அட்டை நகர்ந்தது. "மெடிக்கல் போடட்டும், மருந்து மாதிரி கசக்காம இருக்கும்." மறுபடி சிரிப்பு. "மச்சான், பெரிய கடை, நீ போடு." "என்னய ஏன்யா இழுக்கறீங்க, போடுறவன் போட்டா நானா போட மாட்டேன்?" ஒவ்வொருவரும் பேனாவைத் திறந்து, தன் பெயரை விரலால் தேடி, பக்கத்து வரி காலியாக இருப்பதைப் பார்த்து, பேனாவை மூடி நகர்த்தினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு அது உறுதியாகத் தெரியும். அவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"அக்கா, நீங்க வாங்கி மொதல்ல போட்டுடுங்க" என்று என் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை ஆண்கள் இருக்கும் இடத்தில், கடைகூட இல்லாத நான் எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன். மகள் வேறு சிணுங்கினாள்.

அப்போது எலக்ட்ரிக் கடைக்காரர் எழுந்து, அட்டையை எட்டி வாங்கி உற்றுப் பார்த்தார். "இது இன்னா, எம்பேருக்கு நேரா சம்மதம்னு அடிச்சிருக்கு? நான் எப்பச் சொன்னேன்?"

"எனக்கும் அடிச்சிருக்கு" என்றார் ஸ்வீட் கடைக்காரர்.

"கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாலேயே சம்மதம்னா, நாளைக்கு நம்ம பேருல என்னென்ன எழுதுவாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு எழுதுனது இது?" என்று துணிக்கடைக்காரர் கேட்டார்.

நான் எழுதினேன். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நாந்தாங்க எழுதச் சொன்னேன்" என்றார் அக்கா. "தப்புதான்."

சொல்லும்போது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அட்டை சுற்றி முடித்து அவரிடம் வந்தது. மேலே முப்பத்து மூன்று வரிகள் காலி. அவர் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முப்பத்து நான்காவது வரியில் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டார். அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். "ஒரு கையெழுத்த வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பேசிட்டு மறுபடி வாங்க." அக்கா தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். "வெச்சுக்கம்மா. திரும்பக் கேப்பாங்க."

யாரும் திரும்பக் கேட்கவில்லை. "பொய்யா எழுதி மாட்டிக்கிட்டாங்க" என்ற பேச்சு மட்டும் தெருவில் நின்றது. அடுத்த நோன்பில் அக்கா கஞ்சி அனுப்பியபோது சில தூக்குகள் திரும்பி வந்தன. அந்த முறை அக்கா அவற்றை எடுத்துக்கொண்டு போகவில்லை.

கூட்டம் நடந்த அடுத்த மாதமே வீட்டுக்காரர் படிக்கட்டின் கீழே கிரில் கதவு வைத்துப் பூட்டினார். என்னிடம் இரண்டு சாவி கொடுத்தார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்றை அக்காவிடம் கொடுத்திருக்கலாம். வீட்டுக்காரர் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கொடு என்றும் சொல்லவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம், அவரே கேட்டால் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. என் மகள் பகலில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்க ஆரம்பித்தாள். குளியலறையில் அந்தச் சிவப்பு மக்கு இருந்தது. அதை எடுத்துக் குளிக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

மறு கோடையில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கடையை மூடினார். சிதம்பரத்தில் இருந்த தங்கை வந்து கூட்டிப்போனார். சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். சுகரும் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. தண்ணீர் குடிக்காததால்தான் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் சிதம்பரம் போய் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன டம்ளர். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அளவு வைத்திருந்தார்கள்.

"இங்க பாரும்மா, கக்கூஸு எட்டற தூரத்துல இருக்கு. தண்ணி குடிக்கக் கூடாதுங்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, அன்னைக்கு அந்தச் சம்மதம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பாவுக்கு நல்லா நட வந்துடுச்சா?" என்றார்.

நான் புறப்படும்போது கேட்டார். "பொண்ணுங்கள்லாம் இப்ப எங்க போறாங்க?"

"தெரியலக்கா" என்றேன். எனக்குத் தெரியும். அவர்கள் எங்கும் போவதில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது தங்கை. அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

இதையெல்லாம் இத்தனை நாள் கழித்து எழுதக் காரணம், போன வாரம் நடந்தது. நாங்கள் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டோம். ஆனால் பழைய தெருவிலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுத்து டியூஷன் சென்டர் நடத்துகிறேன். எலக்ட்ரிக் கடையை இப்போது கடைக்காரரின் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். கெட்டிக்காரப் பெண். கல்லா மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் இருக்கிற அளவே மாலையிலும் இருக்கும். அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தெருவுக்குச் சங்கம் ஆரம்பிக்கறோம். லைட்டு, ட்ரைனேஜ், முக்கியமா லேடீஸுக்கு ஒரு டாய்லெட். இப்ப மாநகராட்சி ஆயிடுச்சுல்ல, அங்க பேசிட்டேன். ஆடி முடிஞ்சதும் கூட்டம். நீங்கதான் செகரட்டரியா இருக்கணும்."

"நானா?"

"நீங்க எழுதுனா நம்புவாங்கக்கா. எங்க மாமனாரு சொன்னாரு. முன்னாடி ஒரு அம்மா இப்படித்தான் ஆரம்பிச்சு, யாரும் சொல்லாததச் சொன்னதா பொய்யா எழுதிக் கெடுத்துடுச்சாம். அதனால இந்தத் தடவ நம்பிக்கையான ஆளு வேணும்னாரு. அந்தப் பழைய கையெழுத்துத் தாளு ஒங்ககிட்ட இருக்காமே?"

"இருக்கும்னு நினைக்கறேன். பாக்கறேன்" என்றேன். தாள் அந்த நோட்டுக்குள், பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

"அப்ப நீங்க சேர்ந்த மாதிரிதானக்கா?"

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "எல்லாரும் சேரட்டும்மா, நானும் சேர்றேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அவள் சந்தோஷமாக எழுந்து போனாள். போகும்போது கையில் இருந்த லிஸ்ட்டில் என் பெயருக்கு எதிரே டிக் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். "செத்துப்போனவங்களுக்கு என்ன ஆவப்போவுது? நீ போய் நான்தான் எழுதினேன்னு சொன்னா ஒன்ன எவன் நம்புவான்? சங்கமும் போயிடும், ஒன் டியூஷனும் போயிடும்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. என்னிடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பெண்கள் பாதியிலேயே "மிஸ், வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் நின்றே விட்டார்கள். நானே மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. என் மகளும் என்னோடு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் கொஞ்சமாகக் குடி என்று சொல்லிப் பழக்கிவிட்டேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டால், இந்த முறையும் பேச்சு அந்த 'சம்மத'த்தைப் பற்றியே சுற்றி, பேனா மறுபடி ஒரு சுற்று வெறுமனே சுற்றி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால், தண்ணீர் குடிக்காமல் தெருவுக்காக அலைந்த ஒருவர் அந்தத் தெருவின் வாயில் பொய்க்காரியாகவே இருப்பார். கழிப்பறை வந்தாலும் அப்படித்தான் இருப்பார். கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய், இதில் 'சம்மதம்' என்று எழுதியது நான் என்று சொல்லிவிட்டு, புதுத் தாளின் முதல் வரியில் என் பெயரைப் போடலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் காலையில் அந்தத் தைரியம் இருப்பதில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆடி முடிவதற்குள் எழுதுங்கள். எல்லாரும் என்ன சொல்கிறார்களோ அதுதான் எங்கள் கருத்தும் என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம்.